வழக்கும் இராஜியும்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆமை செய்த பிழை யாதென்று எவரும் எடுத்துக் கூற யான் கேட்டதில்லை. அமீனாவின் செய்தியோ யாவரும் அறிந்ததே. நீதிமன்றத்தின் ஜப்திக் கட்டளையைக் கையிற்கொண்டு வாயிலில் வந்து நிற்கும் அவ்வூழியனைக் காணுமுன்பே, ஒரு குடும்பம் வக்கீலுக்கும் குமாஸ்தாவுக்கும் முத்திரைக்கும் வழிச்செலவுக்குமாகத் தன் பொருளிற் பெரும்பகுதியை இழந்திருக்கும். இதனைக் கண்கூடாகக் கண்ட நம் முன்னோர், பூசல் எத்தகையதாயினும் இராஜி செய்துகொள்வதே மேல் என்று கற்பித்து வந்தனர். இன்று அரசாங்கமும் அதனையே கூறுகின்றது. மக்கள் நீதிமன்றம் என்றும் சமரச மையம் என்றும் பற்பல அமைத்து, வருக, பேசித் தீர்த்துக்கொள்க என்று குடிகளை அழைக்கின்றது.

அவ்வறிவுரை பொதுவாக நன்றே. ஆயினும் இராஜிக்கு ஒரு விலை உண்டு என்பதனையும், அவ்விலையை வரையறுப்பது பெரும்பாலும் நியாயமன்று, காத்திருக்கும் வலிமையே என்பதனையும் நாம் மறந்துவிடுகின்றோம். காத்திருக்க வல்லவன் மலிவாக வாங்குகின்றான்; காத்திருக்க இயலாதவன் மலிவாக விற்கின்றான். காலத்தின் சுமை இருவர் தோளிலும் ஒத்து ஏறுமாறு சட்டம் அமையும் வரையில், இராஜியை மட்டும் வானளாவப் புகழ்தல் ஏழையின் உரிமையைச் செல்வனுக்குத் தள்ளுபடி விலையில் விற்றுக் கொடுப்பதாகவே முடியும் என்பது என் துணிபு.

ஈண்டுச் சொல்லாராய்ச்சிக்குச் சிறிது இடந்தருதலை அன்பர்கள் பொறுப்பாராக. தமிழ் ஆனர்ஸ் மாணவனை அப்பழக்கம் எளிதில் விடாது. பாரசீக வழியாக நம்மிடம் வந்த இராஜிநாமா என்னும் சொல் இன்று உத்தியோகத்தை விட்டு விலகும் கடிதத்தைக் குறிப்பினும், அதன் முதற்பொருள் உடன்பாட்டு முறி என்பதே. இரு கட்சியாரும் மனமொத்தோம் என்று எழுதிக் கொடுப்பது அது. நீதிமன்ற வழக்கில் அதன் முன்பாதி மட்டும் எஞ்சி, ராஜி என வழங்குகின்றது. வாய்தா என்பதும் அத்திசையினின்று வந்த சொல்லே. வாக்குறுதி என்பது அதன் பழம்பொருள். வழக்கைத் தவணை தவணையாகத் தள்ளிவைப்பதற்கு வாக்குறுதி என்று பெயர் வாய்த்தது காலத்தின் கேலி போலும். இவ்விரண்டு சொற்களும் நாம் எடுத்துக்கொண்ட பொருளின் இரு முனைகளாம். வாய்தா நீள நீள ராஜியின் விலை இறங்கும்.

அஃது எவ்வாறு என்பதனைக் கணக்கிட்டுக் காண்போம். ஒருவன் மற்றொருவனுக்கு 2,00,000 ரூபாய் கடன் கொடுத்தான் எனக் கொள்வோம். கடன் வாங்கியவன் மறுக்கின்றான். சான்றுகளைச் சீர்தூக்கின், வழக்குப் போட்டால் நான்கில் மூன்று பங்கு வெற்றி உறுதி. செலவு ஒவ்வொருவர்க்கும் 20,000 ரூபாய். வாதியின் நிலையில் அவ்வழக்கின் மதிப்பு 2,00,000-இல் முக்காற்பங்காகிய 1,50,000. அதிற் செலவு கழிய 1,30,000. பிரதிவாதிக்கோ அதே 1,50,000-உடன் தன் செலவும் கூட 1,70,000 இழப்பு. ஆகவே 1,30,000-க்கும் 1,70,000-க்கும் இடைப்பட்ட எத்தொகைக்கு இராஜியானாலும் இருவர்க்கும் ஆதாயமே. இடையிலுள்ள 40,000 ரூபாய் வக்கீல்களுக்கும் முத்திரைக்கும் போகாமல் இவர்களிடமே தங்கும். இவ்வளவும் கேட்டவர், அங்ஙனமாயின் உலகில் வழக்கே எழலாகாதே என்று வினவுவர்.

வழக்கு எழுவது, இருவரும் ஒரே கணக்கைப் போடாமையான். வாதி தனக்குப் பத்தில் ஒன்பது பங்கு வெற்றி என்று நம்புகின்றான். பிரதிவாதியோ அவனுக்குப் பாதிதான் என்று எண்ணுகின்றான். அப்போது வாதி 1,60,000-க்குக் குறைய இசையான். பிரதிவாதி 1,20,000-க்கு மேல் ஏறான். பேசுதற்கு இடமில்லை. சினமும் மானமும் இதனை மிகுவிக்கும் என்பது உண்மையே. ஆயினும் அடிப்படைக் காரணம் ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாமையே. பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட பகுதியை வகுப்பிற் பயின்றபோது எனக்கு இது தோன்றிற்று. புத்தூர் மணப்பந்தரில் வந்து நின்ற கிழவேதியர், ஆரூரர் தமக்கு அடிமை என்று ஓலை காட்டுகின்றார்; ஆரூரர் அதனைப் பறித்துக் கிழிக்கின்றார். கிழிந்தது படியோலை என்பதும், மூலவோலை வேறு உண்டு என்பதும் திருவெண்ணெய்நல்லூர் அவையிலேதான் வெளிப்படுகின்றன. பாட்டனார் கையெழுத்து ஒத்திருத்தலைக் கண்டபின் வழக்கு ஒரு நொடியில் முடிகின்றது. மூலவோலை பந்தரிலேயே விரிக்கப்பட்டிருப்பின் அவை கூடவேண்டிய தேவையே இராது. (புராணத்துக்கு அப்போது சுவை இராது என்பது வேறு.) இன்றைய வழக்குகளிலும் பத்திரங்கள் மேசைமேல் வந்தபின்னரே பலர் இராஜிக்கு இணங்குகின்றனர். ஆதலின், வழக்குத் தொடுத்தல் சில வேளைகளிற் பகைமையன்று. எதிரியின் பெட்டியைத் திறக்குந் திறவுகோல் ஆகும்.

இதுகாறும் காலத்தைக் கணக்கிற் சேர்த்திலேம். அதனைச் சேர்த்தவுடன் எல்லாம் மாறும். மேற்கூறிய வழக்கு முடிய 6 ஆண்டுகள் ஆகும் என்றும், நீதிமன்றம் ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் தனிவட்டி சேர்த்துத் தீர்ப்பளிக்கும் என்றும் கொள்வோம். முடிவில் வருந்தொகை 2,72,000. அதன் முக்காற்பங்கு 2,04,000. கேட்பதற்கு இனிதாகவே உள்ளது. ஆனால் வாதி ஏழை. கொடுத்த பணம் வாராமையால், தன் குடும்பச் செலவுக்கு நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்குபவன். அவ்வட்டியில் 6 ஆண்டு கழித்து வரும் 2,04,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 56,000 ரூபாயளவே. செலவு கழிய 36,000. பிரதிவாதியோ வணிகன், பணத்தை ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வீதம் பெருக்க வல்லவன். அவனுக்கு அதே தீர்ப்பின் இன்றைய சுமை 1,03,000. செலவும் கூட்டினால் 1,23,000.

இப்போது இராஜிக்கு இடம் எவ்வளவு அகன்றுவிட்டது பாருங்கள்! முன்னர் 40,000 ரூபாய் அகலம். இப்போது 36,000 முதல் 1,23,000 வரை. சமாதானம் எளிதாயிற்று என்று மகிழ்வார் மகிழலாம். ஆனால் 2,00,000 ரூபாய் கடனுக்கு 40,000 ரூபாயை வாங்கிக்கொண்டு கையெழுத்திட ஒருவன் முன்வருகின்றான் எனின், அவனுடைய நியாயம் குறைந்தமையாலன்று. அவனுடைய அடுப்பு அணையும் நிலையில் உள்ளமையால். பிரதிவாதி பொய் சொல்லவேண்டுவதில்லை, சான்றைத் திருத்தவேண்டுவதில்லை; வாய்தா கேட்டால் போதும்.

பேசிக்கொண்டே காலத்தைக் கழிப்பவரிடத்து வாதி விழிப்பாயிருக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. கைமாற்றுக் கடனுக்கு வழக்குத் தொடரக் காலவரையறைச் சட்டம் (1963) தருவது பொதுவாக 3 ஆண்டுகளே. நாளை தருகின்றேன், அறுவடைக்குப்பின் தருகின்றேன் என்னும் இன்சொல்லில் 3 ஆண்டு கழிந்தால், கடன் உண்மையாயிருந்தும் கேட்கும் உரிமை போய்விடும். தவணைக்குள் ஒரு பகுதியைச் செலுத்தி அதனைக் கைப்பட எழுதினாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுத்திற் கையெழுத்திட்டாலோ காலம் புதிதாகத் தொடங்கும். வாய்ச்சொல்லுக்கு அவ்வலிமை இல்லை. என் உறவினர் ஒருவர் இதனை அறியாது, உயிர்த்தோழர் என்று எண்ணியவரிடம் ஒரு சீட்டும் கேளாது நான்காண்டு பேச்சுவார்த்தை நடத்தினார். நட்பும் போயிற்று, பொருளும் போயிற்று.

தனி மனிதர் வழக்குகளை விடுத்து, ஒரு நாடே வழக்காடுவதா இராஜியாவதா என்று நின்ற நிகழ்ச்சியொன்றை இனி நோக்குவோம். அதனினும் பெரிய எடுத்துக்காட்டு நம் நாட்டு வரலாற்றில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவைத் தாண்டி, போபால் நகரத்து யூனியன் கார்பைடு தொழிற்சாலையினின்றும் மீதைல் ஐசோசயனேட்டு என்னும் நச்சுவாயு கசிந்து, உறங்கிக் கிடந்த ஏழை மக்களை மாய்த்தது. அம்மாதத்திலேயே அமெரிக்க வக்கீல்கள் பலர் போபாலுக்குப் பறந்து வந்தனர். ஈட்டித் தரும் தொகையில் ஒரு பங்கைக் கூலியாகப் பெறுவது அந்நாட்டு வழக்கம்; நம் நாட்டில் வக்கீல்கட்கு அது விலக்கப்பட்டது. 1985-இல் இந்திய அரசு ஒரு சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்டோர் அனைவர்க்கும் ஈடாக வழக்காடும் உரிமையைத் தானே ஏற்றுக்கொண்டு, நியூயார்க்கு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1986 மே மாதத்தில் அந்நீதிமன்றம், இஃது இந்தியாவில் நடைபெறற்குரிய வழக்கு என்று திருப்பிவிட்டது.

பின்னர்ப் போபால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. அரசு கோரியது 330 கோடி டாலர். 1987 டிசம்பரில் மாவட்ட நீதிபதி இடைக்கால உதவியாக 350 கோடி ரூபாய் தருக என்றார். 1988 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அதனை 250 கோடியாகக் குறைத்தது. கம்பெனி உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. அவ்விடைக்கால உதவி பற்றிய மேல்முறையீடு நடக்கையிலேயே, 1989 பிப்ரவரி 14-ஆம் நாள், மொத்த வழக்கும் 47 கோடி டாலருக்கு இராஜியாக முடிக்கப்பட்டது. கோரியதில் ஏழில் ஒரு பங்கு. முதல் வழக்கின் விசாரணை தொடங்கவே இல்லை. செய்தி வெளிவந்தவுடன் அக்கம்பெனியின் பங்கு விலை அமெரிக்கச் சந்தையில் ஏறியது. சந்தையினர் எதிர்பார்த்த சுமையினும் இது குறைவு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இராஜியை ஏற்ற நீதிபதிகளை யான் எளிதிற் பழிக்கமாட்டேன். துன்புறுவோர்க்கு உடனடி உதவி வேண்டும் என்பதே அவர்கள் பின்னர் எடுத்துரைத்த முதற்காரணம். வழக்கை நடத்தியிருப்பின் மேலும் பத்தாண்டு, மேல்முறையீடு, தீர்ப்பை அமெரிக்காவில் நிறைவேற்றும் தொல்லை, தாய்க்கம்பெனி பொறுப்பாளியன்று என்னும் வாதம் ஆகிய இத்தனையும் இருந்தன. கேட்டதில் ஏழிலொரு பங்கு என்பதனை மட்டும் கொண்டு இராஜி தவறு என்றல் பொருந்தாது. கேட்பது கேட்பவர் வாய்க்கு எட்டிய அளவு. நாம் கேட்கவேண்டிய வினாக்கள் வேறு.

விரைவுக்காக விலையைக் குறைத்தனர், விரைவு கிடைத்ததா? இல்லை. 1990-இல் மாதம் 200 ரூபாய் இடைக்கால உதவி தொடங்கிற்று. உரிமைக் கோரிக்கைகளை ஒவ்வொன்றாக ஆய்ந்து இழப்பீடு வழங்கல் 1992-க்குப் பின்னரே நடந்தது. எஞ்சிய தொகையைப் பகிர்ந்தளிக்குமாறு உச்சநீதிமன்றம் கட்டளையிட்டது 2004-இல். அஃதாவது, காத்திருக்க வேண்டாம் என்பதற்காகத் தள்ளுபடி கொடுத்தவர், தள்ளுபடியும் கொடுத்துக் காத்தும் இருந்தனர். இரண்டாவது, எதனை விற்கின்றோம் என்று அறியுமுன்னரே விலை பேசப்பட்டது. 1989-இல் இறந்தோர் சுமார் 3,000 என்று கொள்ளப்பட்டது. பின்னர்க் கோரிக்கைகளை ஆய்ந்து இழப்பீடு வழங்கியபோது அத்தொகை 5,295 ஆயிற்று. இழப்பீடு பெற்றோர் மொத்தம் 5,70,000-க்கு மேற்பட்டனர். 47 கோடி டாலரை அவர்களுக்கு ஒத்த பங்காகப் பிரித்தால் தலைக்கு 820 டாலரளவே வரும். நச்சுவாயுவின் தீங்கு உடலில் ஆண்டுகள் கழித்தும் வெளிப்படும் இயல்பினது. காயத்தின் ஆழம் தெரியுமுன் மருத்துவச் செலவுக்கு ஒரேயடியாகத் தொகை பேசுவாருண்டோ? 1991-இல் உச்சநீதிமன்றம் இதனை ஓரளவு உணர்ந்து, தொகை போதாதாயின் குறையை இந்திய அரசே நிரப்புக என்றும், பின்னர் நோயுறுவோர்க்காகக் காப்புறுதி செய்க என்றும் கூறியது. அரசு மேலும் தொகை கோரி 2010-இல் போட்ட சீராய்வு மனுவை ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2023 மார்ச்சு 14-இல் தள்ளியபோது, அக்காப்புறுதியை அரசு செய்யாதே விட்டமையையும் சுட்டிக்காட்டிற்று. முடிந்த இராஜியை மீண்டும் திறத்தல் இயலாது என்பதே சுருக்கம்.

மூன்றாவது ஒன்று உண்டு. அது இரு கட்சியார் கணக்கிலும் வாராதது. 1986 டிசம்பரில், டெல்லியில் நிகழ்ந்த வேறொரு வாயுக்கசிவு வழக்கில் உச்சநீதிமன்றம், கேடு விளைக்கத்தக்க தொழில் நடத்துவோர் விளையுங் கேட்டுக்கு முழுப்பொறுப்பு ஏற்கவேண்டும், விதிவிலக்கு எதுவும் கூறலாகாது என்று பெருநெறி ஒன்றை வகுத்தது. அந்நெறி அயல்நாட்டுத் தாய்க்கம்பெனியையும் பற்றுமா என்பது போபால் வழக்கில் முடிவாகியிருக்க வேண்டியது. இராஜியானமையால் முடிவாகவில்லை. தீர்ப்பு என்பது அடுத்து வழக்காடுவோர்க்கும் வழிகாட்டும் விளக்கு. இராஜி அவரவர் வீட்டு விளக்கு. விளக்கை அணைத்த செலவை யார் கணக்கில் எழுதுவது?

இத்துணைப் பெரிய நிகழ்ச்சியில் நடந்ததே சிறிய அளவில் நம் மாவட்ட நீதிமன்ற வளாகங்களிலும் நடக்கின்றது. சாலை விபத்தில் கணவனை இழந்த பெண் ஒருத்தி 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோருகின்றாள். எதிரில் நிற்பது காப்புறுதிக் கம்பெனி. அவளுக்கு வாழ்நாளில் இஃது ஒரே வழக்கு. கம்பெனிக்கு ஆயிரத்தில் ஒன்று. நம் நாட்டு நீதிமன்றங்களை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் மார்க் கலான்டர், வழக்காடுவோரை ஒருமுறை வருவோர், பலமுறை வருவோர் என 1974-இல் இரு கூறாகப் பிரித்துக் காட்டினார். பலமுறை வருவோன் ஒன்றில் தோற்பினும் மற்றொன்றில் ஈடுசெய்வான். நான்கில் ஒரு பங்கு தோல்வி என்பது அவனுக்குச் சராசரிக் கணக்கு. ஒருமுறை வருவோளுக்கோ அத்தோல்வி பிள்ளைகளின் பட்டினி. ஆகவே ஒரே வழக்கு, ஒரே சான்று, ஒரே சட்டம் ஆயினும் அவள் அஞ்சிக் குறைத்துக்கொள்வாள், கம்பெனி அஞ்சாது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் அநீதியுள்ள நியாயாதிபதியை விடாது அலட்டித் தீர்ப்புப் பெற்ற விதவையைப் பற்றி ஆலயத்திற் பலமுறை கேட்டிருக்கின்றோம். நாள்தோறும் அங்கு வந்துபோக அவளுக்கு உண்டான கூலியிழப்பு எவ்வளவு என்பது பற்றிப் பிரசங்கம் கேட்டதில்லை.

அத்தகையாள் மக்கள் நீதிமன்றத்துக்கு வருகின்றாள். 1987-இல் இயற்றப்பட்டு 1995-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்பணி ஆணையங்கள் சட்டப்படி அங்கு ஆகும் உடன்பாடு தீர்ப்புக்கு ஒப்பாகும். செலுத்திய நீதிமன்றக் கட்டணம் திரும்பும். அதன்மேல் மேல்முறையீடு இல்லை. முன்னிரண்டும் நன்மை. மூன்றாவதும் நன்மையே, உடன்பட்டவர் எதற்கு உடன்பட்டோம் என்று அறிந்திருந்தால். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான வழக்குகள் தீர்ந்தன என்று மறுநாட் பத்திரிகைகள் மகிழ்ந்து எழுதுகின்றன. எத்தனை தீர்ந்தன என்று எண்ணுகின்றோமேயன்றி, நியாயத் தொகையில் எத்தனை பங்குக்குத் தீர்ந்தன என்று எண்ணுவார் இலர்.

எம் கல்லூரி விவாதக் கழகத்தில் இப்பொருள் பேசப்பட்டபோது, சட்டம் பயிலக் கருதியுள்ள நண்பர் ஒருவர் என்னை மறுத்துக் கூறியது வலிமையுடையது. "மாவட்ட நீதிமன்றங்களில் மட்டும் நான்கு கோடிக்கு மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. நீ சொல்லும் நியாய விலை காகிதத்தில் உள்ளது. இன்று கைக்கு வரும் மூன்று இலட்சம், பத்தாண்டுக்குப்பின் வரக்கூடிய ஐந்து இலட்சத்தினும் அவ்விதவைக்கு மேலன்றோ? அதனை நீ தடுப்பையோ?" என்றார். தடேன். அவள் நிலையில் யான் இருப்பினும் மூன்று இலட்சத்தையே வாங்குவேன். என் பூசல் அவள் முடிவோடன்று; அம்முடிவைத் தவிர வேறு முடிவு செய்யவொண்ணாதபடி நாம் அமைத்து வைத்திருக்கும் ஒழுங்கோடு. வழக்குத் தேக்கத்தைக் காட்டி இராஜியைப் பரிந்துரைப்பது, குளத்தைத் தூர்த்துவிட்டுத் தண்ணீரை அளவாகக் குடியுங்கள் என்று உபதேசிப்பது போன்றது.

ஒழுங்கைத் திருத்த வழியுண்டா எனின், உண்டு, சில செய்யப்பட்டுமுள்ளன. தமிழ்நாட்டில் பண வழக்குகட்கு நூற்றுக்கு ஏழரையாக இருந்த நீதிமன்றக் கட்டணம் 2017-இல் மூன்றாகக் குறைக்கப்பட்டது. நம் 2,00,000 ரூபாய் வழக்குக்கு 15,000 கட்டவேண்டியிருந்தது 6,000 ஆயிற்று. வாயிலிலேயே திரும்பிப் போகவேண்டியிருந்த பலர் உள்ளே வர இது வழி. மனுநீதிச் சோழன் வாயிலில் மணியடித்த பசுவிடம் எவரும் கட்டணம் கேட்கவில்லை என்பதனை மட்டும் நினைவூட்டி அப்பாற் செல்வேன். இராஜியானவர்க்குக் கட்டணத்தைத் திருப்பித் தருதலும் நல்லதோர் ஏற்பாடு. நீதிமன்றம் அனுப்பிய சமரசத்தில் முடிந்தால் மட்டுந்தான் திரும்புமோ, கட்சியார் தாமே பேசி முடித்துக்கொண்டாலும் திரும்புமோ என்னும் ஐயம் எழுந்தது. தாமே முடித்துக்கொண்டாருக்கும் உண்டு என்று சென்னை உயர்நீதிமன்றம் கூற, அதனை எதிர்த்து அவ்வுயர்நீதிமன்றத்தின் நிருவாகமே உச்சநீதிமன்றம் சென்று, 2021 பிப்ரவரியில் தோற்றது. வழக்காடாமல் தீர்த்துக்கொண்டவர்க்குப் பணத்தைத் திருப்பலாமா என்பதற்கே டெல்லி வரை வழக்காடிய விந்தை இது.

ஆனால் நோயின் வேர் கட்டணத்தில் இல்லை, காலத்தில் உள்ளது. அங்கே சட்டத்தின் கை மிகத் தளர்ந்துள்ளது. பொய்வழக்கும் பொய்யெதிர்ப்பும் தொடுத்துப் பிறரை அலைக்கழிப்போர்மேல் விதிக்கக்கூடிய ஈட்டுச்செலவுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-ஏ பிரிவு வைத்துள்ள உச்சவரம்பு 3,000 ரூபாய். அது 1976-இல் வைக்கப்பட்டது. பதினைந்து வாய்தா வாங்கிப் பத்தாண்டைக் கடத்தியவனுக்கு 3,000 ரூபாய் தண்டம் என்றால், அவன் நகைத்துக்கொண்டே செலுத்துவான். தீர்ப்புக்குப் பிந்திய வட்டியும், வணிகக் கடனல்லாதவற்றில், நூற்றுக்கு 6-ஐ மிஞ்சலாகாது. வெளியிற் கடன் வாங்கினால் 12-உம் 24-உம் கொடுக்கவேண்டிய உலகில், தோற்றவனுக்கு 6-க்குப் பணம் தரும் வங்கியாக நீதிமன்றம் அமைந்துவிடுகின்றது. செலவுத்தொகை உண்மைச் செலவை ஒட்டியிருத்தல் வேண்டும் என்று 2005-இல் உச்சநீதிமன்றம் கூறியதும் நடைமுறையிற் பெரிதும் ஏறவில்லை.

வணிக வழக்குகட்கு மட்டும் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழி வகுத்துள்ளது. அங்கே தோற்றவர் செலவைத் தருதல் பொதுவிதி. அதனை அளவிடுகையில், ஒருவர் நியாயமான இராஜித் தொகை கூற மற்றவர் காரணமின்றி மறுத்தாரா என்பதனையும் நீதிபதி நோக்கலாம். இஃது அரிய விதி. உரிய தொகையைத் தர மறுத்துக் காலங்கடத்துவோன் கடத்திய காலத்துக்கு விலை கொடுப்பான். கூறிய நல்விலையை வீம்புக்காக மறுக்கும் வாதியும் அவ்வாறே. இரு பக்கமும் அஞ்சவேண்டும். வணிகர் இருவர் பொருதும் வழக்குக்கு இவ்வளவு நுட்பமான விதி வேண்டுமெனின், விதவையும் காப்புறுதிக் கம்பெனியும் பொருதும் வழக்குக்கு அது வேண்டாமோ? கடன் கொடுத்து ஏமாந்தவனுக்கு வேண்டாமோ? 35-ஏ பிரிவின் 3,000 ரூபாய் வரம்பை நீக்குதல், வட்டியைச் சந்தை வட்டியோடு இணைத்தல், 2015-ஆம் ஆண்டு விதியை எல்லா வழக்குக்கும் விரித்தல் ஆகிய மூன்றுக்கும் புதிய கட்டடமும் வேண்டுவதில்லை, புதிய நீதிபதிகளும் வேண்டுவதில்லை. சட்டமன்றத்தில் ஒரு நாள் வேலை.

அதற்கு முன்னரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மக்கள் நீதிமன்றத்தில் வைக்கும் உடன்பாட்டுத் தாளில் இன்று ஒரே தொகை இருக்கின்றது. அதற்கு மேலே இரண்டு வரிகள் சேர்க்கலாம்: இவ்வகை வழக்கில் அவ்வட்டார நீதிமன்றம் அண்மையில் அளித்த தீர்ப்புத் தொகைகள் எவ்வளவு என்பது ஒன்று, அத்தீர்ப்புகள் வர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பது மற்றொன்று. இரண்டையும் தமிழில் எழுதி, கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்குமுன் அமர்வில் உள்ளவர் உரக்கப் படித்துக் காட்டுதல் வேண்டும். அதன்பின்னும் அப்பெண் மூன்று இலட்சம் போதும் என்று கூறுவாளாயின், வாங்கிக்கொண்டு போகட்டும்.